அலகும் மெழுக்கும்

(குடமுழுக்கு விழாவையொட்டி ஆவடியில் நிகழ்ந்த சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



குடமுழுக்கு இனிது நிறைவெய்திய திருக்கோயிலுக்கு அடுத்து வேண்டுவது யாது என்ற வினா எழுமாயின், கொடையுள்ளம் படைத்த பெருமக்கள் பலருக்கும் தோன்றுவது புதியதொரு மண்டபம், புதியதொரு வாகனம், புதியதொரு விளக்கு வரிசை என்பனவே. அடியார் வரலாறுகளை ஆழ்ந்து நோக்குவார்க்குக் கிடைக்கும் விடையோ வேறு. அவ்விடை, ஒரு துடைப்பமும் ஒரு சாணக் குடமும் ஆகும்.

திருவதிகை வீரட்டானத்தில் திலகவதியார் ஆற்றிய தொண்டு அது. நாள்தோறும் புலர்வதற்கு முன் எழுந்து, திருக்கோயிலின் நிலத்தை அலகிட்டார், பின் மெழுகிட்டார். அலகு என்பது துடைப்பம். மெழுக்கு என்பது ஆவின் சாணத்தை நீரிற் கரைத்து நிலத்தில் இழைத்துப் பூசும் காப்பு. சூலை நோயால் வருந்தி வந்த தம்பியாரை அவ்வம்மையார் திருக்கோயிலுக்கு அழைத்துச் சென்றபொழுது அவர் திருக்கைகளில் அலகும் மெழுக்கும் தோண்டியும் இருந்தன எனச் சேக்கிழார் பெருமான் காட்டுகின்றார். அத்தம்பியாரே பின்னாளில் நாவுக்கரசராய் உழவாரம் ஏந்தியவர். எனவே, தமிழகத்து உழவாரப் பணி முழுமைக்கும் தாய் அந்தத் துடைப்பமும் அந்தச் சாணக் குடமுமே எனின் அது மிகையாகாது.

இவ்விரண்டு பணிகளின் முறைவைப்பு ஈண்டுக் கருதத்தக்கது. அலகிடுதல் அழுக்கை நீக்குவது; மெழுகிடுதல் நிலத்தைக் காப்பது. நீக்கிய பின்னரே காத்தல் வேண்டும். அழுக்கின்மேல் மெழுகினால் அழுக்கே நிலைபெறும். மற்றொன்றும் உண்டு. சாண மெழுக்கு நிலத்தின் மூச்சை அடைப்பதில்லை. ஈரம் மேலெழுந்து ஆவியாக இடந்தரும். தேய்ந்தால் மீண்டும் இடலாம். வேண்டாவிடின் கழுவி நீக்கலாம். மண் தரைக்கு அன்னார் வகுத்த இவ்விலக்கணம், இன்று கல் தரைக்கும் அப்படியே பொருந்துகின்றது. கல் தரையைத் தூய்மை செய்தலும் காப்புப் பூசுதலும் புதுமைத் தொழில் அல்ல. அலகும் மெழுக்குமே அவை.

பூசலார் எடுத்த கோயிலும் பல்லவன் எடுத்த கோயிலும்

ஆவடியிலிருந்து மேற்கே சில கல் தொலைவில் உள்ளது திருநின்றவூர். பூசலார் நாயனார் வாழ்ந்த ஊர் அது. கோயில் எடுக்கப் பொருளின்றி வருந்திய அப்பெருமான், மனத்துள்ளேயே திருநிதியம் திரட்டி, மனத்துள்ளேயே தச்சரைக் கூட்டி, மனத்துள்ளேயே அடித்தளம் இட்டு விமானம் எழுப்பினார். அவர் எதையும் விட்டுவிடவில்லை. சுதை வேலையும் கிணறும் மதிலும் குளமும் அகத்தே முறையாக அமைந்தன. நினைவினாற் செய்த பணியிலும் சிறு வேலையைத் தள்ளிவைக்காத அப்பொறுமையைத் திருப்பணி செய்வோர் யாவரும் போற்றல் வேண்டும்.

அதே காலத்தில் காஞ்சியில் பல்லவ வேந்தன் கற்றளி ஒன்றை எடுத்து முடித்தான். இரண்டு கோயில்களுக்கும் குடமுழுக்கு நாள் ஒன்றாகவே அமைந்தது. இறைவன் வேந்தன் கனவில் தோன்றி, நின்றவூர்ப் பூசல் எடுத்த கோயிலில் தான் புகவிருப்பதாகவும், வேந்தன் தன் நாளை மாற்றிக்கொள்ளல் வேண்டும் எனவும் பணித்தான். வேந்தன் நின்றவூர் வந்து கோயில் எங்கே என வினவினான். அப்படி ஒரு கோயில் ஊரில் இல்லை என்றனர் ஊரார். பின்னரே பூசலாரின் உள்ளக்கோயில் உலகுக்குத் தெரியவந்தது. இதயாலீசுவரர் என்னும் திருப்பெயர் அந்நிகழ்ச்சியை இன்றும் அவ்வூரில் நினைவூட்டுகின்றது.

அவ்வேந்தன் எடுத்த கற்றளியே காஞ்சிக் கயிலாசநாதர் கோயில் என்பர் ஆராய்ச்சியாளர். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்மன் என்னும் இரண்டாம் நரசிம்மவர்மன் அதனை எடுப்பித்தான். சோழர் கல்வெட்டுக்கள் அதனைக் கச்சிப்பேட்டுப் பெரிய திருக்கற்றளி எனப் போற்றும். உள்ளக்கோயிலுக்கு வெயிலும் மழையும் இல்லை. கற்றளிக்கோ இரண்டும் உண்டு. பூசலார் கோயில் இன்றும் புத்தம் புதியதாய் இருக்க, பல்லவன் கோயில் மணல் மணலாய் உதிர்ந்து வருகின்றது. அதன் காரணத்தை அறிதல், கல் தரையுடைய ஒவ்வொரு திருக்கோயிலுக்கும் பயன் தரும்.

மணற்கல்லின் இயல்பு

காஞ்சிக் கற்றளியின் அடித்தளத்திற் கருங்கல்லும் மேற்பகுதியில் மணற்கல்லும் அமைந்துள்ளன. அடித்தளத்துக் கருங்கல் உறுதியாக நிற்கின்றது. மேலுள்ள மணற்கல்லோ பல இடங்களில் அரிந்துபோயுள்ளது. யாளிகளின் முகங்கள் தேய்ந்து தெளிவிழந்துள்ளன.

மணற்கல் என்பது பெயருக்கேற்ப மணலாலானது. பன்னெடுங்காலத்துக்கு முன் நீர் கொணர்ந்து படியவைத்த மணற்பரல்களைச் சிலிக்கா, சுண்ணாம்பு, இரும்புத் துரு, களிமண் என்பனவற்றுள் ஒன்றோ பலவோ பசைபோலப் பிணைத்து நிறுத்தியதே அக்கல். பசை சிலிக்காவாயின் கல் நெடுநாள் நிற்கும். சுண்ணாம்பாயின் புளிப்புப் பட்டால் கரையும். களிமண்ணாயின் நீர் பட்டால் ஊதி நெகிழும். செம்மையும் மஞ்சளுமான நிறத்தை அளிப்பது பெரும்பாலும் இரும்பே. பரல்களுக்கிடையே நுண்துளைகள் உண்டு. கருங்கல்லில் அத்துளைகளின் அளவு பொதுவாக நூற்றுக்கு ஒன்றினும் குறைவு. மணற்கல்லில் அது நூற்றுக்கு 5 முதல் 25 வரையும் இருக்கக்கூடும். ஆகவே கருங்கல் மேலே தங்கவிடும் எண்ணெயையும் பாலையும் மணற்கல் உள்ளே குடித்துவிடுகின்றது.

இத்தொண்டை நாட்டுக்கு இருவகைக் கல்லும் அயலன அல்ல. பரங்கிமலையும் பல்லாவரமும் சார்னோக்கைட் என்னும் உறுதியான கல்வகைக்குப் பெயர்பெற்றவை. வடக்கே சத்தியவேட்டுப் பக்கத்தில் மணற்பாறைப் படிவுகள் உள்ளன. இக்காலத்தில் இராசத்தானத்திலிருந்து வரும் மஞ்சள், செம்மை நிற மணற்கற் பலகைகளைப் புதிய திருக்கோயில்களின் வெளிச்சுற்றில் அன்பர்கள் விரும்பிப் பதிக்கின்றனர். வழவழப்பின்றி அடிக்குப் பிடிப்பாய் இருத்தல் அக்கல்லின் சிறப்பு. நீர் சிந்தியிருக்கும் பிராகாரத்தில் வெறுங்காலுடன் வலம்வரும் முதியோர்க்கு அஃது எத்துணை உதவி என்பது சொல்லாமலே விளங்கும். அச்சிறப்புக்கு விலையாகவே, அக்கல் கூடுதலான பேணுதலை வேண்டி நிற்கின்றது.

தரையில் பதித்திருப்பது எக்கல் என்பதை முதலில் அறிதல் வேண்டும். கடப்பைக் கல்லும் சலவைக் கல்லும் சுண்ணாம்பு இனத்தன. மணற்கல்லிலும் சுண்ணாம்புப் பசை கொண்டது உண்டு. மிஞ்சிய துண்டு ஒன்றை எடுத்து, அதன்மேல் ஒரு துளி அமிலம் விட்டால் நுரை பொங்குமாயின், அந்தக் கல் புளிப்பைத் தாங்காது என்பது வெளிப்படை. இச்சோதனையைப் பதித்த தரையிற் செய்தல் கூடாது.

அலகிடும் முறை

பக்தியின் மிகுதியாலேயே கல்லுக்குச் சில தீங்குகள் நேர்கின்றன. குத்துவிளக்கைப் புளியிட்டுத் துலக்கும் அம்மையார், அந்நீரைக் கல் தரைமேலேயே வழியவிடுகின்றார். எலுமிச்சை விளக்கேற்றுவோர் பிழிந்த மூடியைத் தரையில் வைக்கின்றனர். தயிரும் பழச்சாறும் தீர்த்தத்தோடு கலந்து ஓடுகின்றன. இவையனைத்தும் புளிப்பே, சுண்ணாம்புப் பசையைச் சிறிது சிறிதாகக் கரைப்பவையே. நேர்த்திக்கடனாக உப்பும் மிளகும் கொட்டும் வழக்கமுள்ள கோயில்களில் வேறொரு தீங்கு நிகழ்கின்றது. உப்பு நீரிற் கரைந்து துளைக்குள் புகும். வெயிலில் நீர் வற்றும். உப்போ உள்ளேயே மணியாக உறைந்து பருக்கும். அப்பருமனின் நெருக்கத்தால் மணற்பரல்கள் பிரிந்து மேற்பரப்பு பொருக்குப் பொருக்காய் உதிரும். மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலில் கடற்காற்றின் உப்பு கருங்கல்லையே அரித்தமையால், தொல்லியல் துறையினர் காகிதக் கூழைக் கல்லின்மேல் அப்பி, கூழ் உலரும்பொழுது உப்பை அஃது உறிஞ்சிக்கொள்ளுமாறு செய்துவருகின்றனர். கருங்கல்லின் நிலையே இதுவாயின் மணற்கல்லின் நிலையைக் கூறவும் வேண்டுமோ?

இவற்றுக்குரிய மாற்று எளிது. விளக்குகள் யாவும் தட்டின்மேல் அமைதல் வேண்டும். உப்புக்குத் தொட்டியும், பாத்திரம் துலக்கத் தனியிடமும் அமைதல் வேண்டும். திருமஞ்சன நீர் தேங்காது வடியுமாறு வாட்டம் இருத்தல் வேண்டும். கறையை நீக்குவதினும் கறை வாராமற் காத்தலே சிறந்த தொண்டு.

நாள்தோறும் செய்யத்தக்கது உலர் அலகே. தரையிற் கிடக்கும் மணலும் மண்ணும் நூற்றுக்கணக்கான அடிகளின் கீழ் அரம்போல் உராய்ந்து கல்லைத் தேய்க்கின்றன. அவற்றை மென்மையான துடைப்பத்தால் முதலில் நீக்குதல் வேண்டும். நீரை முதலில் ஊற்றினால் அம்மண் சேறாகித் துளைக்குள் புகும். கிழமைக்கு ஒருமுறை, புளிப்பும் காரமும் மிகாத சோப்பு நீரைச் சிறிதளவு இட்டு, தேங்காய் நார் கொண்டு தேய்த்து, தூயநீரால் இருமுறை அலசி, துணியால் ஒற்றி உலரவிடலாம். அலசாது விட்ட சோப்பு பிசுக்காகி மேலும் அழுக்கை ஈர்க்கும்.

எண்ணெய்க் கறைக்கு மருத்துவரின் முறையே ஏற்றது. பற்றுப் போடுதல் வேண்டும். சிந்தியவுடன் தேய்த்தல் ஆகாது. தேய்த்தால் கறை பரவும். துணியால் ஒற்றியெடுத்தபின், வெள்ளைக் களிமண் பொடியைச் சோப்பு நீரிலோ எண்ணெயைக் கரைக்கும் நீர்மத்திலோ குழைத்து, அரை விரற் கனத்திற்கு அப்பி, மேலே மூடி, ஒரு நாள் விட்டுப் பின் திறந்து உலரவைத்தல் வேண்டும். உலர்கின்ற களிமண் எண்ணெயை மேலே இழுத்துக்கொள்ளும். பழங்கறை ஒருமுறையில் நீங்காது. மூன்று நான்கு பற்று வேண்டியிருக்கலாம். எரியும் தன்மையுள்ள நீர்மத்தைப் பயன்படுத்துங்கால் விளக்கும் கற்பூரமும் அருகில் இருத்தல் கூடாது என்பதை மறத்தலாகாது. மஞ்சட் கறைக்கு மருந்து கதிரவனே. வெயிலில் அது தானே வெளுக்கும்.

மாரிக்காலத்துப் பாசிக்கு நைலான் தூரிகையும் வெந்நீரும் போதும். நிழலையும் தேக்கத்தையும் நீக்கினால் பாசி மீண்டும் எளிதில் வாராது. இரும்புக் கம்பித் தூரிகை கொண்டு தேய்த்தல் தவறு. அதன் துகள்கள் துளைகளில் தங்கித் துருப்பிடித்துச் செங்கறையாக வெளிப்படும். பிளீச்சிங் பொடி கண்ணுக்கு வெண்மை தந்து உள்ளே உப்பை விட்டுச்செல்லும். புதிய தரையில் வெண்பொடியாக உப்புப் பூப்பதுண்டு. அதனை உலர் தூரிகையால் தட்டியெடுத்தல் வேண்டும். நீரூற்றிக் கழுவினால் அவ்வுப்பு மீண்டும் கல்லுக்குள்ளேயே செல்லும்.

மெழுகிடும் முறை

இனிக் காப்புப் பூச்சைக் குறித்துச் சில. கடைகளில் சீலர் என வழங்கப்பெறும் பூச்சுக்கள் இருவகையின. ஒருவகை, கல்லின்மேல் ஏடுபோல் படிந்து பளபளப்பை அளிப்பது. அக்ரிலிக், எபாக்சி முதலியன இவ்வகையைச் சாரும். கண்டவுடன் கண்ணைப் பறிக்கும் இப்பூச்சு, நனைந்தால் அடியை வழுக்கும். கீழிருந்து ஏறும் ஈரம் வெளியேற வழியின்றி அவ்வேட்டின் கீழேயே தேங்கும். உப்பும் அங்கேயே உறையும். சில ஆண்டுகளில் ஏடு கல்லின் தோலையும் உடன்கொண்டு உரிந்துவிடும். மற்றொரு வகை, சிலேன், சிலாக்சேன் என்னும் பொருள்களாலானது. அது துளைகளை அடைப்பதில்லை. துளைகளின் சுவரில் மட்டும் படிந்து, நீர்த்துளி உள்ளே புகாமல் தடுத்து, ஆவி வெளியேற இடந்தருகின்றது. திலகவதியாரின் மெழுக்கு எவ்விலக்கணம் உடையதோ, அதற்கு அணுக்கமானது இதுவே. எனினும் சிலாக்சேன் நீரைத் தடுக்குமளவு எண்ணெயைத் தடுப்பதில்லை. விளக்கேற்றும் இடங்களுக்கு எண்ணெயையும் தடுக்கும் வகையைக் கேட்டு வாங்குதல் நலம்.

காலமும் பார்த்தல் வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த கல் உடனே உலர்வதில்லை. தை பிறந்து ஈரம் வற்றியபின், மாசி பங்குனியில் இப்பணியை மேற்கொள்ளலாம். புதிதாய்ப் பதித்த தரையாயின், அடியிலிட்ட சாந்து நன்கு உலரச் சில வாரங்கள் காத்தல் வேண்டும். குடமுழுக்கு நாள் நெருங்கிவிட்டது என்னும் பரபரப்பில் ஈரக்கல்லின்மேல் பூசுதலே பல இடங்களில் தரை வெளுத்துத் திட்டுத் திட்டாய்த் தோன்றுதற்குக் காரணம். மூலையில் ஒரு பலகையில் பூசிப் பார்த்து, நிறம் மாறாமை கண்டபின், வெயில் ஏறாத காலைப்பொழுதில் பூசி, கல் குடித்தது போக மேலே நின்றதைச் சில நிமிடங்களுக்குள் துணியால் துடைத்தெடுத்தல் வேண்டும். பூச்சு உயிரோடுள்ளதா என்பதை அறிய ஒரு துளி நீரே போதும். முத்துப்போல் நின்றால் காப்பு உண்டு. சில நிமிடங்களில் கல் கருத்தால் மீண்டும் மெழுகும் காலம் வந்தது என்பது பொருள்.

இவையெல்லாம் புதிய தரைக்கே உரியன. பழந்திருக்கோயிலின் கல்லில், அதிலும் எழுத்துப் பொறித்த கல்லில், எந்தப் பூச்சையும் அன்பர்கள் தாமாகப் பூசுதல் கூடாது. விக்கிரகங்களுக்கு எண்ணெய்க்காப்புச் செய்வது முறையாயிருப்பதால் எல்லாக் கல்லுக்கும் எண்ணெய் நன்மை தரும் எனக் கருதுதலும் பிழை. துளையுள்ள கல்லில் எண்ணெய் தூசியைப் பிடித்துக் கருமையையே வளர்க்கும்.

கல்லின் நாவை அறுத்தல்

காஞ்சிக் கற்றளியைச் சூழ்ந்த சிற்றாலயங்களில் இராசசிம்மனின் விருதுப் பெயர்கள் இருநூற்றுக்கு மேற்பட்டவை பொறிக்கப்பெற்றுள்ளன. அங்கேயே ஒரு தூணில், பகைவனாகிய சளுக்கிய வேந்தன் இரண்டாம் விக்கிரமாதித்தனின் கன்னடக் கல்வெட்டும் உள்ளது. காஞ்சியை வென்றபின் அவன் இக்கோயிலின் பெரும்பொருளைக் கண்டும் கவராது, இறைவனுக்கே விட்டுச்சென்றான் என்று அது கூறும். வென்ற பகைவனும் தீண்டாது விட்ட கோயில் அது. அவன் பெருந்தன்மையை இன்றைய உலகம் அறிவதற்குச் சான்று, விரற்கடை ஆழமும் இல்லாத எழுத்துக்களே.

அத்தகைய எழுத்துக்கள் தமிழகத்துக் கோயில்கள் பலவற்றில், திருப்பணி என்னும் பெயராலேயே மறைந்துபோயின. காற்றின் விசையால் மணலைப் பீச்சியடித்துக் கல்லை வெளுக்கச் செய்யும் முறை பல்லாண்டு வழக்கிலிருந்தது. ஒருநாளில் கோயில் புதிதுபோல் தோன்றும். ஆயினும் ஆயிரம் ஆண்டு வெயிலில் இறுகிய மேற்பரப்பு நீங்கி, கல் சொரசொரத்து, முன்னிலும் விரைவில் அழுக்கேறும். எழுத்தும் சிற்பத்தின் கூர்மையும் மீளா. இத்தீங்கை உணர்ந்தே அம்முறைக்கு அறநிலையத் துறை தடை விதித்தது. 2021ஆம் ஆண்டு சூன் 7ஆம் நாள் சென்னை உயர்நீதிமன்றம் திருக்கோயில்களையும் தொன்மைச் சின்னங்களையும் காப்பது குறித்து 75 கட்டளைகளை வழங்கியதும் இக்கவலையினாலேயே. சட்டம் தடுக்கலாம், ஆயினும் விரைவில் வெண்மை காண விழையும் உள்ளம் மாறினாலன்றிக் கல் பிழைக்காது.

ஆவடிக்குக் கிழக்கே திருமுல்லைவாயில் உள்ளது. யானையின் காலைச் சுற்றிய முல்லைக்கொடியைத் தொண்டைமான் வாளால் வெட்ட, அவ்வெட்டு உள்ளே மறைந்திருந்த இலிங்கத் திருமேனியிற் பட்டுக் குருதி பெருகியது என்பது தலவரலாறு. மாசிலாமணியீசர் ஆண்டு முழுவதும் சந்தனக் காப்பிலேயே விளங்குவது அக்காயத்தை முன்னிட்டே என்பர். தொண்டைமானும் பகைவன் அல்லன். வழியைத் தூய்மை செய்யவே வாளை ஓங்கினான். கல்லுக்கும் காயம் உண்டு என்பதையும், காயத்துக்குக் குளிர்ந்த மென்காப்பே மருந்து என்பதையும் இவ்வட்டாரத்தாருக்கு அத்தலமே கற்பித்துக் கொண்டிருக்கின்றது.

திருமெழுக்குப்புறம்

அன்பர்களே! பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை குடமுழுக்கு நிகழ்கின்றது. அதற்குப் பொருள் குவிகின்றது. இடைப்பட்ட நாலாயிரத்துக்கு மேற்பட்ட நாட்களில் தரையைத் துடைப்பார் யார்? அவருக்கு ஊதியம் தருவார் யார்? குழல்விளக்கின்மேல் உபயதாரர் பெயரை எழுதி ஒளியையே மறைக்கும் காலத்தில், துடைப்பத்தின்மேல் பெயர் எழுத இடமில்லை என்பதாலோ என்னவோ, அதற்குக் கொடை வருவதில்லை.

முன்னோர் இக்குறையை உணர்ந்திருந்தனர். கல்வெட்டுக்களில் திருமெழுக்குப்புறம் என்றொரு சொல் உண்டு. திருக்கோயிலின் தரையை மெழுகும் பணிக்கென்றே விடப்பட்ட நிலம் அது. பழுதுபார்த்தற்கு விடப்பட்ட நிலம் புதுக்குப்புறம் எனப்பட்டது. கோயில் எழுப்பியதோடு கொடை முடிந்தது என அவர்கள் கருதவில்லை. மெழுகுவோரின் வயிற்றுக்கும் நிலம் அளந்து, அதனைக் கல்லிலும் வெட்டிவைத்தனர்.

2019ஆம் ஆண்டு மாநகராட்சியாக உயர்ந்த இவ்வூரில் நெல் விளையும் நிலம் விட இடமில்லை. ஆயினும் வைப்பு நிதி ஒன்றை அமைத்து, அதன் வட்டியினின்று ஒரு பணியாளரின் ஊதியத்தையும், ஆண்டுக்கொருமுறை சந்துகளைச் சுண்ணாம்புச் சாந்தால் அடைக்கும் செலவையும், வேண்டுங்காலத்துக் காப்புப் பூச்சையும் நடத்துதல் இயலாததன்று. அக்கட்டளைக்குத் திருமெழுக்குப்புறம் என்னும் பழம்பெயரையே இடலாம். பொருள் இல்லார் மாதத்தில் ஒரு விடியற்காலையைத் தரலாம். பூசலாரிடமும் பொருள் இருந்ததில்லை.

திருவேங்கடத்துக் கருவறையின் வாயிற்படி குலசேகரன் படி என வழங்குகின்றது. முடிமன்னராய் இருந்த ஆழ்வார் ஒருவர் பெயர் நிற்குமிடம் அது. தமிழகத்துக் கோயில்கள் பலவற்றில் தரைக்கற்களில், விழுந்து வணங்கும் நிலையில் அடியார் உருவங்கள் செதுக்கப்பெற்றுள்ளன. பின்வரும் அடியவரின் பாதம் தம்மேற் படுதல் வேண்டும் என்பதே அவர்கள் வேட்கை. கோபுரத்தின் உச்சியைக் கண் காண்கின்றது. தரையையோ ஒவ்வோர் அடியவரின் அடியும் தொடுகின்றது. அத்தரையை அலகிட்டு மெழுகிக் காப்பவர், அத்தனை அடியவரின் திருவடிக்கும் பணிசெய்தவர் ஆவர்.

திருச்சிற்றம்பலம்.